மாப்பிள்ளைக்கு, ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்கக் கேட்டு

ஹால்விக், மினசோட்டா
நன்றித் திருநாள், வியாழன் மதியம்

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை டெரிக் பாயர் அவர்களுக்கு,

மாமனார் ஆர்வில் டோர்கெல்சன் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நேற்று மாலை உங்கள் வண்டி என் வீட்டைத் தாண்டிப் போனபோது சமையலறை ஜன்னலில் நின்று கையை ஆட்டினேன். நீங்கள் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினீர்கள். பனி விழுந்த சாலையில் அப்படித்தான் ஓட்ட வேண்டும், அதைத் தவறாக நினைக்கவில்லை. என் மகள் மாரிட்டும் சுகம் என்று அவள் அம்மா சொல்கிறாள். அவள் அம்மா, அதாவது என் மனைவி லாவோன், இப்போது உங்கள் வீட்டில்தான் வான்கோழி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தான் சுட்ட பூசணிப் பை இனிப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, திருநாளும் அதுவுமாக என்னைத் தனியே விட்டுப் போகிறாயே என்று கேட்டேன். "நீங்க பண்ணின காரியத்துக்கு நானுமா பட்டினி கிடக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் நானும் செவ்வாய்க்கிழமை வைத்த இறைச்சி உருண்டைக் குழம்பும் இருக்கிறோம்.

மூன்று தெரு தள்ளியிருக்கிற மாப்பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஃபோன் செய்தால் மாரிட் எடுக்கிறாள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் உங்களைப் பிடிக்கலாம் என்றால், நான் ஒரு வாசலில் நுழையும்போது நீங்கள் இன்னொரு வாசலில் வெளியேறுகிறீர்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காக, ஆதாரத்தோடு, எழுத்தில் வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். இதைப் படித்து முடித்ததும் நீங்களே "மாமா சொல்றது நியாயம்தான்" என்று சொல்வீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேட்கப்போவது சின்ன விஷயம். நாளை உங்கள் ஃபுட்பால் அணி மாநில இறுதி ஆட்டம் ஆடுகிறது. நாளையோடு உங்கள் பருவம் முடிகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை லேக் ஆல்விக் ஊர்ப் பள்ளியோடு என் கூடைப்பந்து அணிக்கு முதல் ஆட்டம். நம் பள்ளிக்கூடத்தில் மொத்தம் எழுபத்தொரு பிள்ளைகள். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மைதானத்தில் முட்டி மோதுகிற அதே பையன்கள்தான் கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் கூடையில் பந்து போட வேண்டும். வேறு பையன்கள் இல்லை. ஆனால் நீங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறீர்கள்: பருவம் முடிந்தால் கவசங்களை ஒப்படைத்துவிட்டு, ஒரு வாரம் எந்தப் பையனும் எந்தப் பந்தையும் தொடக் கூடாது. அந்த ஒரு வாரத்தை எனக்காக விட்டுக்கொடுங்கள். அவ்வளவுதான்.

ஐந்து பயிற்சிக்கு வராத பையனை ஆட்டத்தில் இறக்கக் கூடாது என்று பள்ளி விதி இருப்பது எனக்கும் தெரியும். கணக்குப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று. ஞாயிறு மாதாகோவில், அதைத் தொட மாட்டேன். திங்கள் காலை ஒன்று, மாலை ஒன்று. ஆக ஐந்து. தலைமையாசிரியையிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் வியர்த்தால் அது ஒரு பயிற்சிதான் என்று சொல்லிவிட்டார்கள். வழியில் நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

நான் பத்தொன்பது வருஷம் துணைக் கோச்சாக இருந்தவன் என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டியவன். பழைய கோச் முழங்கால் வலி என்று அரிசோனாவுக்குக் குடிபோன பிறகுதான், அறுபத்தொரு வயதில், அந்த முதல் நாற்காலி எனக்குக் கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அதில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவது குற்றமா?

குற்றம் என்று ஊரே சொல்கிறது. அதற்கு நீங்கள் மூன்று காரணம் வைத்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

முதலில் அந்த அறிவிப்புப் பலகை. பள்ளி வாசலில் எழுத்துகளைச் செருகி வைக்கிற பெரிய பலகையை வாரா வாரம் மாற்றுவது என் பொறுப்பு, கோச் ஆன நாளிலிருந்து அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் உங்கள் முதல் நாக்அவுட் ஆட்டம் வாட்னெஸ் ஊரில். போன வருஷம் அதே அணி நம்மை முப்பத்துநாலு புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியது. இந்த வருஷமும் அதேதான் என்று பெட்ரோல் பங்கில் காபி குடிக்கிற எல்லோரும் சொன்னார்கள், நான் மட்டும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பனிப்புயல் வரப்போகிறது என்று வானிலைச் செய்தி. புயலில் ஏணி ஏறி நான் விழுந்து செத்தால் உங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா கிடையாது. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே, சனிக்கிழமைக்கான வாசகத்தை வைத்துவிட்டேன்: "அருமையான பருவம், நன்றி பையன்களே. கூடைப்பந்து ஆரம்பம்." மரியாதையான வாசகம்தான். உங்கள் பஸ் மூன்றரைக்குக் கிளம்பும், அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகும் என்பது எனக்கு எப்படித் தோன்றும்? பஸ் பலகைக்கு எதிரே நின்றதையும், பதினாலு முகங்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு படித்ததையும் ஏணியின் உச்சியிலிருந்து பார்த்தேன். கடைசி எழுத்து என் கையில் இருந்தது. நீங்கள் மட்டும் இறங்கி வந்து ஃபோனில் பலகையைப் படம் எடுத்தீர்கள், "ரொம்ப நன்றி மாமா" என்றீர்கள், ஏறிப் போய்விட்டீர்கள்.

நாற்பத்துநாலுக்கு ஆறு. வாட்னெஸ் பையன்களை நம்மவர்கள் உழுதுவிட்டார்கள் என்று வானொலியில் சொன்னபோது நான் பெருமைப்பட்டேன். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து உடை மாற்றுகிற அறையில் ஒட்டிவைத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பையன்கள் அதைக் கையால் அறைந்துவிட்டுத்தான் போகிறார்கள் என்று கேள்வி. சரி, அப்படியானால் உங்களுக்கு அந்த உத்வேகத்தைக் கொடுத்தது யார்? இதை யோசிக்க ஒரு ஆளும் இல்லை. நல்லதுக்குக் காலம் இல்லை.

அடுத்தது அந்துருண்டை. இதிலும் நல்ல எண்ணத்தைத் தவிர வேறு எதையும் நீங்கள் காட்ட முடியாது. கவச அறையில் எலி இருப்பது உங்களுக்குத் தெரியும். பருவம் முடிந்ததும் சட்டைகளை மடித்து, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பூட்டிவைப்பது பத்தொன்பது வருஷமாக என் வேலை. இரண்டாவது ஆட்டத்தின் வாரம், உங்கள் சுமையைக் குறைக்கலாமே என்று, செவ்வாய்க்கிழமையே கொஞ்சம் சீக்கிரமாக ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டையில்தான் ஆடுவீர்கள் என்று நினைத்து சிவப்புச் சட்டைகளை உள்ளே போட்டேன். ஒரு பெட்டிக்கு ஒரு பை என்று கணக்கு. எலி பெரிதாக இருந்ததால் மூன்று பை போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம்தான் தெரிந்தது, ஆட்டம் நம் மைதானத்தில், நம் மைதானத்தில் சிவப்புத்தான். துவைக்க நேரமில்லை. பையன்கள் கண்ணில் தண்ணீர் வழிய அதை மாட்டிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதிரணியில் இருந்த அந்த மலை போன்ற பையன், நூற்று முப்பது கிலோ, பந்தோடு ஓடுகிற நம் ஐசக்கைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவதற்காகவே வளர்த்துக் கொண்டுவரப்பட்டவன், முதல் தடவை பிடித்ததுமே தும்ம ஆரம்பித்தான். இரண்டாவது தடவை பிடியை விட்டுவிட்டு மூக்கைப் பொத்தினான். ஐசக் எழுபது கஜம் ஓடினான். அதற்குப் பிறகு நம் பக்கம் யாரும் நெருங்கவில்லை. இப்போது என்ன ஆயிற்று? அந்துருண்டை இல்லாமல் பையன்கள் மைதானத்தில் கால் வைப்பதில்லை. காலுறைக்குள் ஒன்று, கவசத்துக்குள் ஒன்று. பார்க்க வருகிறவர்களும் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் சரக்குத் தீர்ந்து, பக்கத்து ஊரிலிருந்து வரவழைக்கிறார்கள். போன ஞாயிறு பிரசங்கத்துக்கு நடுவே பாதிரியார் இருமி இருமி, சகோதர அன்பைப் பற்றி ஆரம்பித்ததை முடிக்காமலே ஆசி கொடுத்து அனுப்பிவிட்டார். ஒரு ஊரையே ஒன்றாக்கி வைத்திருக்கிறேன், எனக்கு ஒருவர் கை கொடுக்கவில்லை.

இப்படி நீங்கள் வாரா வாரம் ஜெயித்துக்கொண்டே போக, எனக்கு நவம்பர் பதினெட்டாம் தேதி பயிற்சி ஆரம்பித்துவிட்டது. காலை ஆறு மணிக்கு ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் நாலு பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் நைக்விஸ்ட் வீட்டு இரட்டையர்கள். பேண்டு வாத்தியக் குழுவில் கொம்பு ஊதுகிறவர்கள், ஒருவன் பந்து எறிந்தால் இன்னொருவன் தலையாட்டித் தாளம் போடுகிறான். மூன்றாவது டோபயஸ். கோடைக்காலத்தில் ஐந்து அங்குலம் வளர்ந்துவிட்டான், காலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. நாலாவது பின்லாந்திலிருந்து ஒரு வருஷம் படிக்க வந்திருக்கிற ஆட்டு என்கிற பையன். நல்ல உடம்பு, நல்ல மூச்சு, ஒரே குறை பந்து தன்னிடம் வந்தால் மரியாதையாக எதிரியிடம் கொடுத்துவிடுகிறான். கூடைப்பந்துக்கு ஐந்து பேர் வேண்டும். ஐந்தாவதாக யாரை நிறுத்துவது? சமையற்கூடத்து ஜாய்ஸைக் கூப்பிட்டேன். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் மாநில அணியில் ஆடினவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள், நான் நம்பினதில்லை. இப்போது நம்புகிறேன். ஏப்ரனைக் கழற்றாமல், தலையில் வலையோடு, தூரத்திலிருந்து பதினோரு பந்து தொடர்ச்சியாகப் போட்டார்கள். டோபயஸ் தடுக்கப் போனான். முழங்கையால் ஒரு இடி. "தம்பி, ஓரமா நில்லு, சூப்பு அடிபிடிச்சிரும், நான் சீக்கிரம் முடிக்கணும்" என்றார்கள். அன்றிலிருந்து பையன்கள் ஆட்டத்தில் பயப்படுவது ஜாய்ஸுக்கு மட்டும்தான். துரதிர்ஷ்டவசமாக செவ்வாய்க்கிழமை அவர்களை இறக்க விதியில் இடம் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் உங்களைக் கவச அறையில் பிடித்து, ஐசக்கையும் இன்னும் எட்டுப் பேரையும் காலையில் அரை மணி நேரம் அனுப்புங்கள் என்று கேட்டேன். நீங்கள் தோள்கவசங்களைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். "மாமா, இந்தப் பசங்க ஆகஸ்ட்லேருந்து அடி வாங்கிட்டிருக்காங்க. எப்ப முடியுதோ முடியட்டும். முடிஞ்சா ஒரு வாரம் தூங்கட்டும். அதுக்கப்புறம் உங்க பசங்க." அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது. தூங்குவதற்கு வயதான காலம் இல்லையா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியாக, கை தட்டிய விஷயம். இதற்காகத்தான் எனக்கு இன்று வான்கோழி இல்லை, ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன். காலிறுதி ஆட்டம் திறந்தவெளியில் நடந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. லாவோன் கையுறையை வண்டியிலேயே விட்டுவிட்டாள், அதாவது என் கையுறையை. எதிரணி முதல் தடவை கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த அந்தச் சமயத்தில் என் விரல்கள் மரத்துப்போயின. மரத்த விரலைத் தட்டித்தான் சூடேற்ற வேண்டும், எந்த டாக்டரையும் கேளுங்கள். எதிரணி இரண்டாவது தடவை தாண்டியபோது மறுபடி மரத்தன. எழுந்து நின்றது முழங்காலுக்காக. மூன்றாவது தடவையும் அப்படியே அமைந்தது தற்செயல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிட் போர்வையை எடுத்துக்கொண்டு நாலு வரிசை கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் கடைசி நிமிடத்தில் ஜெயித்தீர்கள், எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள், அவள் ஓடவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். "நீங்க யாருக்குக் கை தட்டுனீங்கன்னு எனக்குத் தெரியும்பா. அந்த மனுஷன் மூணு வாரமா தூங்கறதில்ல. இனிமே நீங்க எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள். குளிர் அம்மா, குளிருக்குத் தட்டினேன் என்று விளக்கினேன். அவள் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

அரையிறுதிக்கு யாரும் என்னைக் கூட்டிப் போகவில்லை. வானொலியில் கேட்டேன். ஜெயித்தீர்கள். வாழ்த்துகள்.

ஆகவே மாப்பிள்ளை, நிதானமாக யோசித்துப் பாருங்கள். பலகை வைத்தது புயலுக்காக. அந்துருண்டை எலிக்காக. கை தட்டியது குளிருக்காக. உங்கள் அணி தோற்க வேண்டும் என்று நான் ஒரு நாளும், ஒரு நிமிடமும் நினைத்தது கிடையாது. நாளையும் நீங்களே ஜெயிப்பீர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் நாளையோடு முடிகிறது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பது பையன்கள் என் வாசலில் நிற்க வேண்டும். ஒரு வாரம் தூங்காவிட்டால் பதினாறு வயதுப் பையன் கெட்டுப்போக மாட்டான். அந்த வயதில் நான் விடிகாலை மாடு கறந்துவிட்டு வந்து ஆடினேன், பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தேன். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் செவ்வாய்க்கிழமை நாம் லேக் ஆல்விக்கைப் பன்னிரண்டு புள்ளியில் ஜெயிப்போம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாரிட்டுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஆசிகள், தாத்தா பக்கம் நியாயம் இருக்கிறது என்று வளர்ந்ததும் புரியும். லாவோனிடம் ஒரு துண்டு பூசணிப் பை மூடிக் கொடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும். கடவுள் உங்களை நூறாண்டு வாழவைக்கட்டும், அதில் ஒரு வாரத்தை எனக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
எப்போதும் உங்கள் நலம் நாடும் மாமா,
ஆர்வில் டோர்கெல்சன்
தலைமைக் கோச், கூடைப்பந்து

பின்குறிப்பு. சனிக்கிழமை, காலை பத்து மணி.

இந்தக் கடிதம் உங்களுக்கு வியாழக்கிழமையே வந்திருக்க வேண்டும். வண்டியில் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அங்கே பையன்களின் வண்டிகள் வரிசையாக நின்றன, அணி முழுவதும் உங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஐசக் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று மினியாபோலிஸுக்கு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் எதிர்ப்பக்கம், மேல் வரிசையில் உட்கார்ந்தேன். பேசாமல் பார்த்துவிட்டுப் போவது என்றுதான் இருந்தேன். கடைசி இரண்டு நிமிடம், நாலு புள்ளி பின்னால் இருக்கிறோம், ஐசக் பந்தோடு ஓரமாக ஓடுகிறான், முன்னால் ஒருவனும் இல்லை. அந்த நடுவர் கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று ஊதினான். போகவில்லை, மாப்பிள்ளை. என் கண்ணால் பார்த்தேன். நான் எப்போது எழுந்தேன், எப்படி அத்தனை படியும் இறங்கினேன் என்று தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. காவலுக்கு நின்ற பெண் வந்து தோளைத் தொட்டு, "தாத்தா, வெளிய வாங்க" என்றாள். "நான் தாத்தா இல்லம்மா, கோச்" என்றேன். எந்த அணிக்குக் கோச் என்று கேட்டாள். "அந்தப் பசங்களுக்குத்தான். அடுத்த வாரத்துலேருந்து" என்றேன். அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், கையைப் பிடித்து மெதுவாகத்தான் வெளியே விட்டாள். மீதியைப் பாப்கார்ன் கடைக்கு மேலே இருந்த திரையில் பார்த்தேன். தோற்றதும் அதில்தான் பார்த்தேன்.

நான் இத்தனை வாரமாக வேண்டிக்கொண்டது அதைத்தான். நடந்தபோது திரையைப் பார்த்து அந்த நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கை தட்டியது குளிருக்காக இல்லை. உங்களுக்குத் தெரியும், மாரிட்டுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை ஆறு மணிக்கு நாலு பேரை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தேன். பதின்மூன்று பேர் நின்றார்கள். எப்படிடா வந்தீர்கள் என்று கேட்டேன். ஐசக்தான் சொன்னான். "பஸ்ல டெரிக் கோச் சொன்னாரு. 'செவ்வாய்க்கிழமை எங்க மாமாவுக்கு முதல் மேட்ச். பத்தொன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்காரு. போங்க'ன்னாரு." இன்று மூன்று, திங்கள் இரண்டு, ஆக ஐந்து என்று கணக்கையும் அவனே சொன்னான். தலைமையாசிரியையிடம் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

ஊதலை ஊதினேன். ஓட ஆரம்பித்தார்கள். நாலு சுற்று ஓடுவதற்குள் தெரிந்துவிட்டது. ஒருவன் கால் வைக்கிறபோதெல்லாம் பல்லைக் கடிக்கிறான். ஒருவன் கண் வீங்கி மூடியிருக்கிறது. ஐசக் பந்தை இடது கையால் போட்டான். அவன் வலது கைக்காரன். தோளில் என்னடா என்றேன். "ஒண்ணுமில்ல கோச்" என்றான், வலது கையைத் தூக்காமல். அந்த "ஒண்ணுமில்ல" எனக்காகச் சொன்னது. நான் சும்மா இருந்தால் செவ்வாய்க்கிழமை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு ஆடியிருப்பான்.

ஊதலைக் கழற்றிவிட்டேன். "போய்ப் படுங்கடா. அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாடி எவனாவது இந்தக் கதவைத் தொட்டான்னா, அவனுக்கு அணியில இடமே கிடையாது" என்றேன். யாரும் நகரவில்லை. ஜாய்ஸ் வந்து, எல்லோருக்கும் முட்டை வறுத்து வைத்திருப்பதாகச் சொன்ன பிறகுதான் போனார்கள். அப்புறம் லேக் ஆல்விக் கோச்சுக்கு ஃபோன் செய்தேன். ஐந்து பேர் இல்லை, வர முடியாது என்றேன். ஒத்திப்போடத் தேதி இல்லையாம். ஏட்டில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வார்கள். தலைமைக் கோச்சாக என் முதல் ஆட்டத்தைப் பந்தைத் தொடாமலே தோற்றுவிட்டேன். பரவாயில்லை. இரண்டாவது ஆட்டத்தை ஜெயிப்போம், அதில் சந்தேகமே வேண்டாம்.

மேலே எழுதியிருப்பதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாமா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு எழுத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று. அந்தத் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு பையனாகக் கட்டிப்பிடித்து, காதில் ஏதோ சொல்லி அனுப்பினீர்கள். பதினாலு பேர். அவர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு நீங்கள் தனியாக நின்றீர்கள், ஒரு ஆளும் உங்களிடம் வரவில்லை. நம் வீட்டில் கட்டிப்பிடிக்கிற வழக்கம் கிடையாது. உங்கள் கல்யாணத்தன்றுகூட நான் கைதான் குலுக்கினேன். எப்படிச் செய்வது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இன்று மாலை நாலு மணிக்கு வருகிறேன். கதவைத் திறக்கும்படி மாரிட்டிடம் நீங்கள்தான் சொல்லி வைக்க வேண்டும்.